ஊருணிக்குப் போன மூடைகள்

கல்மடை ஊருணியில் மூன்று பக்கம் மண் எடுத்து முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது வடகிழக்கு மூலை மட்டும்தான். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஜேசிபி இறங்கப் போகிறது என்று ஊர் முழுக்கத் தெரியும். அந்த மூலையில் பன்னிரண்டு வருஷமாக என்ன புதைந்து கிடக்கிறது என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் சாக்குக் கடை காதர் பாட்சா. இன்னொருவர் அவர் மனைவி சித்திகா. வண்டி பூட்டி வந்த மூன்றாவது ஆள் செத்துப்போய் ஏழு வருஷம் ஆகிறது.

ஆமத்தூரைத் தாண்டிச் சிவகாசிக்குப் போகிற வழியில் இருக்கிற கல்மடை, பேருக்குத்தான் நகராட்சி. வருகிற வரி சம்பளத்துக்கும் தெருவிளக்குக்குமே பற்றாது. ஐப்பசியில் மழை பெய்தால் பேருந்து நிலையத்து ரோட்டில் முழங்கால் தண்ணீர் நிற்கும். பங்குனி பிறந்தால் அதே ரோட்டில் பெண்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நிற்பார்கள். நகராட்சியின் உதவிப் பொறியாளர் பாண்டிமீனா இந்த இரண்டுக்கும் சேர்த்து ஒரே திட்டம் போட்டாள். ஊருணியை ஆழப்படுத்துவது, தெருக்களில் ஓடும் மழைத் தண்ணீரை வடிகட்டித் தொட்டிகள் வழியாக அதற்குள் கொண்டுவந்து சேர்ப்பது, கரை நெடுகப் புங்கையும் வேம்பும் முந்நூறு மரம் வைப்பது. செலவு முப்பத்தாறு லட்சம். நகராட்சியிடம் முப்பத்தாறு ஆயிரம்கூட இல்லை.

ஊர் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதி இரண்டு பங்கை அரசாங்கம் தரும் என்று ஒரு திட்டம் இருந்தது. அப்படியானால் ஊர் பன்னிரண்டு லட்சம் காட்ட வேண்டும். 2009 மே மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் பணம் பட்டியலில் அடுத்து நிற்கிற ஊருக்குப் போய்விடும்.

விருதுநகர்ப் பக்கத்து வியாபாரிகளுக்கு மகமை என்று ஒரு வழக்கம் உண்டு. கடைக்கு வந்து இறங்கும் ஒவ்வொரு மூடைக்கும், ஒவ்வொரு லோடுக்கும் இவ்வளவு என்று வியாபாரியே தன் கையால் எடுத்துப் பொதுப் பெட்டியில் போட்டுவிடுவார். ரசீது கிடையாது, கேட்பாரும் கிடையாது. பள்ளிக்கூடம், கோவில், பள்ளிவாசல் என்று எத்தனையோ இந்தச் சில்லறையில் எழும்பியிருக்கின்றன. ஊருணிக்கும் மகமை வைத்தார்கள். எட்டு மாதத்தில் நாலு லட்சம் சேர்ந்தது. மீதி எட்டு லட்சத்துக்கு வழி தெரியாமல் சங்கத்தில் எல்லோரும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அன்று, காதர் பாட்சாதான் வாயைத் திறந்தார்.

"மண்ணை அள்ளுறதுக்குக் காசு குடுக்கணும்னுதானே கணக்குப் போடுறோம். அந்த மண்ணையே கூலியாக் குடுத்தா என்ன? வண்டலுக்காகச் சம்சாரிக அங்கங்க அலையுறாக. ஜேசிபி வாடகை, டீசல், டிராக்டர் எல்லாம் அவுக பாடு. அள்ளிட்டுப் போகட்டும். எம்புட்டு ஆழம் போயிருக்குன்னு அளந்து, அதுக்கு உண்டான கூலிய ஊர் பங்கா எழுதிக்கிடலாம்."

பாண்டிமீனா மேலே எழுதிக் கேட்டு அனுமதியும் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து ஊரில் காதர் பாட்சாவுக்கு ஒரு தனி மரியாதை. மகமைப் பெட்டியும் சாவியும் அவர் கடைக்கே வந்தன. ஆமத்தூர்ப் பக்கத்து நிலக்காரர் கோட்டைச்சாமி மற்ற சம்சாரிகளைத் திரட்டிப் பதினாலு டிராக்டரோடு வந்தார். காதர் பாட்சாவும் அவரும் இருபது வருஷத்து மச்சான் மச்சான் பழக்கம்.

யோசனை சொன்னபோது காதர் பாட்சாவுக்கு அந்த மூலை ஞாபகம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் சாக்கு வியாபாரத்தோடு பட்டாசும் வாங்கி வடக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். லைசென்ஸ் கிடையாது. தொண்ணூற்றாறு தீபாவளி சீசன் முடிந்த கையோடு குடோன் ஒழுகி, திரும்பி வந்திருந்த சரக்கும் உதிரி வெடிமருந்துமாகப் பதின்மூன்று மூடை நனைந்துபோயிற்று. குடோன்களைச் சோதனை போடுகிறார்கள் என்று சேதி வந்தது. விடியற்காலையில் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், நிறைந்து கிடந்த ஊருணியில் பதின்மூன்றையும் அமுக்கிவிட்டு வந்தார். தண்ணீருக்குள் போன மருந்து செத்துப்போகும். பட்டாசு ஊரில் பிறந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவரும் அப்படித்தான் நம்பினார், புதன்கிழமை சாயங்காலம் வரைக்கும்.

அன்றைக்கு ஜேசிபி ஓட்டுகிற விக்னேஷ்வரன் வடகிழக்கு மூலையின் ஓரத்தில் ஒரு அள்ளு அள்ளிப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தியிருந்தான். காரியாபட்டிக்காரன், இருபத்தாறு வயது, மருந்து வாசமே தெரியாதவன். பக்கெட்டின் பல்லில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி ஒட்டிக் காய்ந்திருந்தது. ஸ்பேனரால் அதைத் தட்டினான். சுர்ரென்று ஒரு வெள்ளைப் பொறி கிளம்பி அடங்கியது.

"பாய், உங்க ஊர்ல மண்ணு கூட மத்தாப்பு விடுது," என்று சிரித்தான்.

காதர் பாட்சாவும் சிரிக்கத்தான் செய்தார். கரையேறி வீட்டுக்கு வந்து சேரும் வரை அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்கவில்லை என்பது சித்திகா கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

மஃரிபு தொழுகை முடிந்து வந்தவரிடம் அவள் காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னார். மூடைகளை அமுக்கிவிட்டு விடிந்தும் விடியாமலும் அவர் வந்து நின்ற கோலம் அவளுக்கு மறக்கவில்லை. கை இரண்டும் முழங்கை வரை வெள்ளி பூசினதுபோல மினுங்கின. அந்தக் கைலியை மூன்று தண்ணீரில் அலசியும் மினுக்கு போகாமல் கடைசியில் அடுப்புத் துடைக்கக் கிழித்துப் போட்டாள்.

அவர் மெதுவாக ஒரு யோசனை சொன்னார். அந்த மூலையில் பழங்காலத்துப் பெரியவர் ஒருவரின் அடக்கத்தலம் இருப்பதாகத் தன் அத்தா சொல்லக் கேட்டிருப்பதாகச் சொல்லிவிட்டால் என்ன? அதற்கப்புறம் எவனும் அங்கே மண்வெட்டி போட மாட்டான். மூலை அப்படியே கிடக்கும்.

சித்திகா அவரையே பார்த்தாள். "நாளைக்கு அங்கன ஒருத்தன் பச்சைத் துணி போடுவான். அடுத்த நாளு அதை எடுக்கணும்னு இன்னொருத்தன் வருவான். மருந்து வெடிச்சா ஒரு ஆளு போவான். இது வெடிச்சா எம்புட்டுப் பேருன்னு நெனச்சீகளா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க சொல்றீகளா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் அவள், குரலை உயர்த்தாமல்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே அவர் ஊருணிக்குப் போய்விட்டார். சொல்லத்தான் போனார். ஆனால் கரையில் நின்ற டிராக்டர் வரிசையைப் பார்த்ததும் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார். இந்த ஒரு மூலை மண் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பெறும். சொன்னால் வேலை நிற்கும், மாதம் முடியும், பணம் போகும். ஊரில் முகம் காட்ட முடியாது. கோர்ட்டு கேஸு அது வேறு. கோட்டைச்சாமியிடம் போய், அந்த மூலையில் கரை பலவீனமாக இருக்கிறது, விட்டுவிடலாம் என்று சுற்றி வளைத்தார்.

"அந்த மூலை மண்ணுக்காகத்தானே மச்சான் நான் இம்புட்டு நாளு டீசலை ஊத்துனேன்," என்றார் கோட்டைச்சாமி. "கரிசல் கணக்காக் கெடக்கு. மத்ததெல்லாம் சும்மா சரளை. விக்னேசு, நீ இறங்குப்பா."

ஜேசிபி உறுமிக்கொண்டு சரிவில் இறங்கியது. பக்கெட்டைத் தூக்கியது. வெயிலில் அதன் ஆறு பல்லும் பளபளத்தன. காதர் பாட்சா செருப்பைக் கழற்றாமலே சேற்றில் இறங்கி ஓடினார். பக்கெட்டுக்கு நேர் கீழே போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். விக்னேஷ்வரன் எஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான். கரையில் அளவுக் கருவிக்குப் பக்கத்தில் நின்ற பாண்டிமீனா இறங்கி வந்தாள்.

"இதுக்குள்ள மருந்து கெடக்கு," என்றார். "பதிமூணு மூடை. நான்தான் போட்டேன்."

பாண்டிமீனா ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுத்தடுத்து வேலைகள் நடந்தன. விக்னேஷ்வரனை வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்த தடத்திலேயே நடந்து மேலே வரச் சொன்னாள். நகராட்சித் தண்ணீர் லாரியை வரவழைத்து மூலை முழுக்க நனைத்தாள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். கடைசியாகத் தன் டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவரிடம் நீட்டினாள்.

"பாய், சொன்னதை எழுதிக் குடுங்க. தேதி, எத்தனை மூடை, எந்த இடம். உங்க கையெழுத்து வேணும்."

எழுதிக்கொடுத்தார்.

பதினொன்றரைக்கெல்லாம் வியாபாரிகள் சங்கக் கட்டிடத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சங்கத் தலைவர் பத்திரகாளி அண்ணாச்சி, அச்சகக்காரர், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எடுத்ததும் அவர்தான் ஆரம்பித்தார். ஊர்ப் பெட்டியையே நம்பிக் கையில் கொடுத்த ஆள் இப்படிச் செய்வார் என்று கனவிலும் நினைக்கவில்லை என்றார். ஊர்ப் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீர் என்றார். கூட்டம் முணுமுணுத்தது. கோட்டைச்சாமி சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காதர் பாட்சா பக்கம் திரும்பவே இல்லை.

பாண்டிமீனா ஊருணி வரைபடத்தை மேசையில் விரித்தாள். வடகிழக்கு மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள்.

"வேற யாராவது எப்பவாவது போட்டிருந்தா இப்பச் சொல்லிருங்க. பேரு எனக்கு வேண்டாம். இடம் மட்டும் வேணும்."

மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தலைகுனிந்து உட்கார்ந்திருந்த காதர் பாட்சாவின் கண்ணில் பட்டது அண்ணாச்சியின் கைதான். வேட்டி நுனியைச் சுருட்டிச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷமாகத் தனியாகச் சுமந்த ஒன்று இன்னொருவர் கையில் இருப்பதை அவர் அப்படியே அடையாளம் கண்டுகொண்டார். நிமிர்ந்து அண்ணாச்சி முகத்தைப் பார்த்தார்.

அண்ணாச்சி எழுந்தார்.

"மேக்கே, படித்துறைக்குப் பக்கத்துல," என்றார். "தொண்ணூத்தொண்ணுல. ஒம்பது மூடை. தண்ணிக்குள்ள போட்டா செத்துரும்னுதான் நெனச்சேன்."

கூட்டத்தில் ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. பாண்டிமீனா பென்சிலை மேற்குப் பக்கம் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்தினாள். மேற்குப் பக்கம் திங்கட்கிழமையே தோண்டி முடித்த இடம். அந்த மண் இப்போது ஊருணியில் இல்லை.

"அது என் வெள்ளாமைக் காட்டுல கெடக்கு," என்றார் கோட்டைச்சாமி. அவர் குரல் அவருடையது மாதிரியே இல்லை. "மூணு நாளா வெயில்ல காயுது. இன்னைக்குப் பரப்பச் சொல்லிட்டு வந்திருக்கேன். என் வீட்டுக்காரியும் பத்துப் பொம்பளையும் மம்பட்டியோட நிக்காக."

செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் மனைவி பஞ்சம்மாள் காட்டுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போவாள். பக்கத்துக் காட்டுக்காரருக்கு அடித்தார். அவர் விருதுநகர்ச் சந்தையில் இருந்தார்.

காதர் பாட்சா அதற்குள் தெருவில் இறங்கிவிட்டார். எதிரே அவர் கடை. சித்திகாவிடம் இரண்டு வார்த்தை சொன்னார். அவளும் அவரும் பழஞ்சாக்குக் கட்டுகளை உருட்டிக்கொண்டுவந்து அண்ணாச்சியின் வேனில் ஏற்றினார்கள். கோட்டைச்சாமி மோட்டார் சைக்கிளை உதைத்தார். காதர் பாட்சா கேட்காமலே பின்னால் ஏறி உட்கார்ந்தார். இறங்கு என்று அவர் சொல்லவில்லை.

ஒன்பது கிலோமீட்டர். உச்சி வெயில். ஆமத்தூர் விலக்கில் திரும்பும்போது கோட்டைச்சாமி, முன்னால் பார்த்தபடியே, "இந்த மண்ணு யோசனைய எனக்குச் சொன்னது நீதானே மச்சான்," என்றார். வண்டி மேடு பள்ளத்தில் குதித்தபோது காதர் பாட்சா கோட்டைச்சாமியின் தோளைப் பிடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டு பின்கம்பியைப் பிடித்தார்.

காட்டில் மண் நாற்பது குவியலாகக் கிடந்தது. பெண்கள் கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்துப் பாதி தூரம் வந்திருந்தார்கள். மம்பட்டி ஏறி இறங்குவது வரப்பிலிருந்தே தெரிந்தது. கோட்டைச்சாமி வண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். காதர் பாட்சா அவரை எட்டிப் பிடித்துத் தோளை அழுத்தினார்.

"சத்தம் போடாத. பயந்து ஓடுனா மிதிச்சிருவாக. மெதுவாச் சொல்லு."

கோட்டைச்சாமி நின்று மூச்சு வாங்கினார். பிறகு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவர் மாதிரி, எல்லோரும் மம்பட்டியைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு வரும்படிச் சொன்னார். இழுக்க வேண்டாம், தூக்க வேண்டாம், வந்த கால் தடத்திலேயே திரும்பி வாருங்கள் என்றார்.

"என்னத்துக்கு ரெண்டு பேரும் பேயறஞ்ச மாதிரி நிக்கீக?" என்று கேட்டாள் பஞ்சம்மாள். ஆனாலும் புருஷன் முகத்தைப் பார்த்ததும் மம்பட்டியை விட்டாள். மற்றவர்களும் விட்டார்கள். மூக்கம்மாள் என்ற ஒருத்தி மட்டும் அசையாமல் நின்றாள். அவள் மம்பட்டி குவியலுக்குள் பாதி இறங்கியிருந்தது. வெட்டின இடத்தில் சாம்பல் நிறக் கட்டி ஒன்று பிளந்து, வெயிலில் வெள்ளியாக மினுங்கியது. தாயில்பட்டியில் வாக்கப்பட்டு ஆறு வருஷம் பட்டாசு வேலை பார்த்தவள் அவள். என்ன இது என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டி இருக்கவில்லை. கைப்பிடியிலிருந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்தாள். இரண்டு அடி பின்னால் வந்து, அப்புறம்தான் திரும்பினாள்.

பதினொரு பேரும் ஒருத்தி பின் ஒருத்தியாக, நாற்று நடப் போகிறவர்கள்போல வரிசையாக வரப்புக்கு வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் பஞ்சம்மாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில டிராக்டர் டயருக்கு அடியில ஒண்ணு பட்டுனு வெடிச்சுச்சு," என்றாள். "கல்லு தெறிக்குன்னு சொல்லிச் சிரிச்சோம்."

நனைக்க வேண்டும். கோட்டைச்சாமி கிணற்று மோட்டார் சுவிட்சைப் போட்டார், கரண்டு இல்லை. மத்தியானம் இரண்டு மணி நேரம் கரண்டை எடுத்துவிடுகிற காலம் அது. தொட்டியில் முக்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அண்ணாச்சியின் வேன் வந்து நின்றதும் சாக்குகளைத் தொட்டியில் முக்கினார்கள். காதர் பாட்சா நனைந்த சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, தடம் பார்த்து நடந்துபோய், மினுக்குத் தெரிந்த குவியல்களின்மேல் குழந்தைக்குப் போர்த்துவதுபோலப் போர்த்தினார். ஒன்று முடிந்து அடுத்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணாச்சியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதையே செய்தார். அறுபது வயசு ஆள். ஒரு குவியலுக்கு இருவரும் இரண்டு பக்கமாக வந்து சேர்ந்தபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஏழு குவியல்களைப் போர்த்தினார்கள். மூன்று மணிக்குக் கரண்டு வந்தது. காடு முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. நாலு மணிக்குத் தீயணைப்பு வண்டி ஊருணியை முடித்துக்கொண்டு இங்கே வந்து, வெடிபொருள் அதிகாரிகள் வந்து பார்க்கும் வரை யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கயிறு கட்டிவிட்டுப் போனது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து மறுபடி சங்கத்தில் கூட்டம். மூலையைத் தோண்ட முடியாது. எல்லாம் அளந்து பார்த்ததில் ஊர்ப் பங்கில் ஒரு லட்சத்து அறுபதாயிரம் துண்டு விழுகிறது என்றாள் பாண்டிமீனா. ஞாயிற்றுக்கிழமையோடு மாதம் முடிகிறது. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் பாங்கில் கட்டினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மருந்தை எடுப்பது அதற்கான ஆட்கள் வேலை; அதற்கு நாள் ஆகும், ஆனால் அதனால் பணம் திரும்பிப் போகாது. பங்கு குறைந்தால்தான் போகும்.

பணத்தை விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். வசூல் போகலாம் என்றார் இன்னொருவர். எட்டு மாதமாகக் கொடுத்துக் களைத்த ஊரில் ஒரு நாளில் என்ன வசூலாகும் என்று சிரித்தார்கள். கோட்டைச்சாமி நஷ்டஈடு கேட்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுந்தார்.

"கடைக்கு வர்ற மூடைக்கெல்லாம் மகமை வாங்குறீகல்ல. ஊருணிக்குப் போன மூடைக்கும் வாங்குங்க."

கொஞ்ச நேரம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் எல்லோரும் காதர் பாட்சாவையும் அண்ணாச்சியையும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒரு மூடைக்கு ஒரு ரூவாயா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கிண்டலாகக் கேட்டார்.

"நேத்து என் பொண்டாட்டி மம்பட்டியப் பிடிச்சு நின்ன இடத்துல வந்து நின்னுட்டு நீ ரேட்டுச் சொல்லு," என்றார் கோட்டைச்சாமி.

மூடைக்கு ஐயாயிரம் என்று முடிவாயிற்று. காதர் பாட்சா பதின்மூன்று மூடைக்கு அறுபத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னார். சித்திகாவின் வளையல் நாலும் அதற்குப் போகும் என்பது காலையிலேயே வீட்டில் பேசி முடித்த விஷயம். அண்ணாச்சி ஒன்பதுக்கு நாற்பத்தைந்தாயிரம். இன்னும் பத்து மூடைக் காசு, ஐம்பதாயிரம், இடித்தது. பாண்டிமீனா கூட்டத்தைப் பார்த்தாள். யாரையும் கேட்கவில்லை. மகமைக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை, அதுதானே வழக்கம். பெட்டியைப் பூட்டி வைப்போம், போட்ட இடத்தையும் மூடைக் கணக்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பணத்தோடு உள்ளே போடட்டும், பேர் வேண்டாம் என்றாள். சாவி தன்னிடம் இருக்கும் என்றாள். காதர் பாட்சா மடியிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் தகராறு வந்தது. சங்கத்தில் வைத்தால் நுழைகிறவனை ஊரே பார்க்கும். கடைசியில் கோட்டைச்சாமிதான், "சாக்குக் கடையிலேயே இருக்கட்டும். உள் ரூமுல கட்டுக்குப் பின்னாடி. சாக்கு வாங்கப் போறவனை எவன் கேப்பான்?" என்றார். காதர் பாட்சா கடைக்குள் இருக்கக் கூடாது என்றும் அவரே சொன்னார். சித்திகா கல்லாவில் உட்கார்ந்தாள். காதர் பாட்சா எதிர்ச் சாரியில் மூடியிருந்த கடைப் படியில் உட்கார்ந்து தன் கடையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மாதிரி அந்தக் கடையில் ஒற்றைச் சாக்கு என்றைக்குமே விற்றதில்லை. மளிகைக்காரர் வந்தார், ஒரு சாக்கு. மாவு மில்காரர் வந்தார், ஒரு சாக்கு, அதுவும் நல்லதாகப் பொறுக்க வேண்டும் என்று உள்ளே போய் ஐந்து நிமிஷம் நின்றார். லாரி ஆபீஸ் வைத்திருப்பவர், சாக்குக்கும் அவருக்கும் என்ன சம்பந்தமோ, அவரும் ஒரு சாக்கைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். காதர் பாட்சா யார் முகத்தையும் பார்க்காமல் ரோட்டையே பார்த்தார். சனிக்கிழமை காலை ஒன்பதரை வரை ஆள் வந்தது.

பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். பதினோரு சீட்டு. பாண்டிமீனா ஒவ்வொன்றாக வாசித்து, வரைபடத்தில் வட்டம் போட்டாள்; தோண்டி முடித்த இடமானால் அந்த மண் யார் காட்டுக்குப் போனது என்று பக்கத்தில் குறித்தாள். தெற்கு மடை அருகே மூன்று மூடை. நடுவில் கல்தூணுக்குக் கிழக்கே நாலு மூடை. ஒரு சீட்டில் இடமும் கணக்கும் இருந்தன, பணம் இல்லை; முடிந்தபோது தருகிறேன் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு வட்டமாக விழ விழ, ஊருணியில் வட்டம் விழாமல் மிச்சம் இருக்கிற இடம் குறைந்துகொண்டே வந்தது. காதர் பாட்சாவுக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தன் ஒருவன் களவு என்று நினைத்திருந்தது ஊர் மொத்தத்தின் களவாக இருந்தது.

பணம் எழுபதாயிரம் இருந்தது. வேண்டியது ஐம்பது. அண்ணாச்சி எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு வேனில் ஏறினார். பதினொன்றே முக்காலுக்குப் பாங்கில் கட்டி முத்திரை வாங்கிவிட்டதாகப் போன் வந்தது. கூடியிருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். காதர் பாட்சா கையையும் யாரோ ஒருவர் பிடித்தார்.

பாண்டிமீனா கடைசிச் சீட்டை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். பத்தாயிரம் ரூபாயைச் சுற்றியிருந்தது. அவள் அதை விக்னேஷ்வரனிடம் கொடுத்தாள். மண்ணில் இறங்குகிறவன் அவன்தானே. அவன் வாய்விட்டு வாசித்தான். "இரண்டு மூடை. எங்கே போட்டேன் என்று நினைவு இல்லை."

விக்னேஷ்வரன் சீட்டை மடித்து மேசையில் வைத்தான். ஜேசிபி சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினான்.

"அந்த ரெண்டு எங்கன்னு தெரியட்டும் பாய். அப்ப ஏறுறேன்," என்றான்.

கோட்டைச்சாமி டிராக்டர்களைத் திருப்பிக்கொண்டு போனார். போகும்போது கடை வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்தி, தன் காட்டில் கிடக்கிற சாக்கு அறுபதுக்கும் விலை என்ன என்று சித்திகாவிடம் கேட்டார். வேண்டாம் என்றாள். வியாபாரம் வியாபாரம்தான் என்று சொல்லி, காதர் பாட்சா இருந்த பக்கம் திரும்பாமல், முந்நூறு ரூபாயைக் கல்லாவில் வைத்துவிட்டுப் போனார்.

காதர் பாட்சா எழுதிக்கொடுத்த தாள் மேலதிகாரிகளுக்குப் போய்விட்டது. அதற்கு என்ன வரும் என்பது வந்தால்தான் தெரியும். மழைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. மத்தியானம் பாண்டிமீனா பெட்டியைப் பூட்டித் திரும்பக் கொடுத்தாள். காதர் பாட்சா அதை உள் ரூமில் பழைய இடத்திலேயே வைத்தார். பக்கத்தில் ஒரு நோட்டும் நூலில் கட்டிய பென்சிலும் வைத்தார். ஊருணிப் படத்தின் நகல் ஒன்றைச் சுவரில் ஒட்டினார், பார்த்தால் அந்த இரண்டு மூடைக்காரருக்கு ஞாபகம் வரலாம் என்று. புதிதாக வந்திறங்கிய கட்டுகளை அடுக்கும்போது, வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் ஒரு ஆள் ஒருவர் கண்ணிலும் படாமல் போய்த் திரும்பும் அளவுக்கு நடுவில் வழி விட்டு அடுக்கினார்.